சுவாமிமலையில் சிலை வாங்கிக்கொண்டு விமானம் ஏறப் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன அடுக்குவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஊருக்குப் போய்ச் சிலை வாங்குவதாக இருந்தால், இறங்கிய முதல் வாரமே வாங்கிவிடுங்கள். நான் கடைசி வாரத்துக்குத் தள்ளினேன்.

செய்யச் சொன்னது கிராதமூர்த்தி. அர்ஜுனன் தவம் செய்கிற இடத்துக்கு மூகாசுரன் பன்றியாக வர, வேடனாக வந்த சிவனும் அர்ஜுனனும் ஒரே நேரத்தில் அம்பு விட்டு, யார் அடித்த பன்றி என்று மல்லுக்கு நின்று, கடைசியில் அர்ஜுனனுக்குப் பாசுபத அஸ்திரம் கிடைக்கிற கதை. சிதம்பரத்தை ஒட்டிய திருவேட்களத்தில் நடந்ததாகச் சொல்வார்கள், சின்ன வயதில் அப்பா அங்கே கூட்டிப்போயிருக்கிறார். ஒரே பீடத்தில் வேடன், வேட்டுவச்சியாக உமை, அர்ஜுனன், காலடியில் பன்றி. 14 கிலோ.

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒரு மண் அச்சில் ஒரே சிலைதான். அப்புறம் அரமும் உளியும். பன்றியின் பிடரி மயிரை ஒரு பெரியவர் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, ஒரு கோடு போட்டதும் வாயால் ஊதித் தூளைத் தள்ளுவார். அரை மணி நேரம் நகரவில்லை நான்.

தப்பு அதற்குப் பிறகுதான். பழைய சிலை மாதிரி கருமை ஏற்றித் தரட்டுமா என்று விற்றவர் கேட்டார், சரி என்றேன். ஏற்றாதீர்கள். சான்றிதழ் வேண்டாமா என்று கேட்டபோது பில் போதும் என்றார், சித்தப்பாவும் “பில் இருந்தா போதும்ப்பா, எதுக்கு அலையுற” என்றார். போதாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை நாம் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. நம்முடையது போன மாதம் வார்த்ததுதான் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குச் சிலையையும் படங்களையும் காட்ட வேண்டும். வாங்கித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால், தாள் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். கோயில் கோயிலாகச் சிலை திருட்டுப்போன நாடு, நிறுத்தத்தான் வேண்டும். எனக்குக் கோபமெல்லாம் பில் போதும் என்றவர்கள் மேல். வழியனுப்ப வந்த சித்தப்பா இன்னும் வெளியேதான் நின்றிருந்தார், அவரிடம் கொடுத்தேன். 71 வயது. சாக்குப் பையில் சுற்றிய சிலையைக் குழந்தையைப் போல இடுப்பில் சாய்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். எனக்கு நேரமாகிவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

இப்போது அது பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தினமும் வந்து திறந்து அரளிப்பூ வைக்கிறாராம். பன்றிக்கும் ஒன்று வைப்பதாகப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். சான்றிதழுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார்.