அந்தப் பீக் ஈயத்துடையதுதானா?

ஈயம்-208 தகட்டின்மேல் 20 எம்.இ.வி. (மெகா எலெக்ட்ரான் வோல்ட்) புரோட்டான்களைச் செலுத்தி, 90 டிகிரியில் டிடெக்டர் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். வரும் புரோட்டான்களை ஆற்றல்வாரியாக எண்ணிப் படம் வரைந்தால், அணுக்கருவைக் கிளர்த்தாமல் சிதறியவை சுமார் 19.8 எம்.இ.வி.-இல் ஒரு பீக்காக (எண்ணிக்கை குவியும் முகடாக) வரும். ஈயத்தின் முதல் கிளர்வு நிலை (அணுக்கரு ஆற்றல் ஏற்று நிற்கும் நிலை) 2.615 எம்.இ.வி.; அதைக் கிளர்த்திவிட்டு வருபவை 17.2 அளவில் தெரியும். (மணவாளக்குறிச்சி மோனசைட் மணலில் இருக்கும் தோரியம் கடைசியில் ஈயம்-208 ஆகும்போது வெளிவரும் 2.61 காமாக் கதிரும் இதே நிலையிலிருந்துதான்.)

சரி, பக்கத்தில் 16.9-இலும் 17.6-இலும் நிற்கும் பீக்குகள் எவை? அவற்றையும் ஈயத்தின் நிலைகள் என்று குறித்துக்கொள்வதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. முதலாவது கார்பன், இரண்டாவது ஆக்சிஜன். பம்ப் எண்ணெயின் ஆவி கற்றை படும் இடத்தில் கரியாகப் படியும். ஈயமோ காற்று பட்டாலே ஆக்சைடாகும்.

பிரித்தறிய டிடெக்டரை நகர்த்த வேண்டும். லேசான அணுக்கரு மோதலில் பின்னோக்கி ஓடி, ஆற்றலில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். கோணம் கூடினால் அந்தப் பங்கும் கூடும். அதனால் ஈயத்தின் பீக்குகள் கிட்டத்தட்ட அசையாது, கார்பன் வழுக்கிக்கொண்டே போகும். ஹைட்ரஜன் இன்னும் மோசம்: 30 டிகிரியில் 15, 45 டிகிரியில் வெறும் 10 எம்.இ.வி. வழியில் சுமார் 84 டிகிரியில் கார்பன் பீக் சரியாக 2.615 நிலையின் மேலேயே உட்காரும். அந்த ஒரு கோணத்தில் மட்டும் அளந்தவருக்கு எண்ணிக்கை கூடியிருப்பதே தெரியாது. இலக்கை மாற்றி, ஒரு கார்பன் தகட்டையும் மைலார் தாளையும் (கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அடங்கிய பிளாஸ்டிக்) அதே கோணங்களில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போகும், பரவாயில்லை.

அப்புறம் கோணப் பரவல், அதாவது கோணத்துக்குக் கோணம் எண்ணிக்கை மாறும் விதம். மூன்று நான்கு புள்ளிகளை வைத்துக்கொண்டு 'இது 3⁻ நிலை' (கோண உந்தம் 3 கொண்டது) என்று முடிவு கட்டக்கூடாது. ஏற்ற இறக்கம் எங்கே விழுகிறது என்று காட்டப் போதுமான புள்ளிகள் வேண்டும். கணக்கிடத் தேவையான ஆப்டிகல் பொட்டென்ஷியலை (புரோட்டானுக்கும் அணுக்கருவுக்கும் இடையிலான விசையின் தோராய மாதிரியை) வேறு ஆற்றலுக்கான அட்டவணையிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். அதே ஓட்டத்தில் மீள்சிதறலையும் (கிளர்த்தாமல் சிதறுவதையும்) அளந்து, அதற்குப் பொருத்திக்கொள்ளுங்கள். தகட்டின் தடிமனில் இருக்கும் பிழையும் அப்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

ஒரே மோதலில் கிளர்வு நடந்துவிடுகிறது என்ற எண்ணமும் எப்போதும் செல்லாது. கார்பன்-12-இன் 7.65 நிலைக்கு 4.44 நிலை வழியாகவும் புரோட்டான் ஏற்றிவிட முடியும். அங்கே இப்படி இடைநிலை வழியாக இணைந்த வழிகளையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

காமா அளவீட்டில் வந்த கிளர்வு வலிமையோடு உங்கள் எண் ஒத்துப்போகவில்லையா? உடனே திருத்தப் போகாதீர்கள். மின்காந்தம் கருவிலுள்ள புரோட்டான்களைத்தான் பெரிதும் பார்க்கும். குறைந்த ஆற்றல் புரோட்டானோ நியூட்ரான்களோடுதான் அதிக வலிமையாக வினைபுரியும். அந்த வேறுபாட்டில் நியூட்ரான்களின் அசைவு பற்றிய செய்தியே இருக்கலாம். ஒசாகாவில் 295 எம்.இ.வி. புரோட்டான்களை வைத்து 0 டிகிரியை ஒட்டி இதே ஈயத்தை அளந்தபோது (2011-இல் வெளியானது) நிலைமை தலைகீழ்: அங்கே மின்விசைக் கிளர்வுதான் மேலோங்கும். ஆனால் சிதறாத கற்றையும் டிடெக்டருக்கு மிக அருகிலேயே போகும் என்பதால், அதன் ஓரத்துச் சிதறல்களைக் கழிப்பதே பெரிய வேலை.