வடக்கே இருக்கும் தெற்கு: அயர்லாந்துக்காரர்களிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்ளினில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை டீ இடைவேளை. எதிரே வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்து ஓமாவிலிருந்து வந்தவர், பக்கத்தில் தெற்கே கார்க் ஊர்க்காரர். ஓமாக்காரர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். பேச்சுவாக்கில், "ஓ, யூகேவுக்கா போறீங்க?" என்று கேட்டுவைத்தேன். அவர் கையிலிருந்த கோப்பை மேசைக்கு இறங்கியது. கார்க் ஊர்க்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கரெக்டாத்தானே கேட்கிறார்? பவுண்டு, ராஜா தலை, சிவப்பு தபால் பெட்டி... யூகேதானே உங்க ஊர்!"

அன்று மாலை கார் நிறுத்தத்தில் ஓமாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க. நீங்க தெரியாம கேட்டீங்க. அவன் தெரிஞ்சே சிரிச்சான்" என்றார்.

அயர்லாந்துச் சண்டை என்றால் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், பெல்ஃபாஸ்ட், குண்டு என்றுதான் நமக்குப் பாடம். கத்தோலிக்க ஓமாக்காரருக்கும் கத்தோலிக்க கார்க் ஊர்க்காரருக்கும் நடுவில் ஒரு சிரிப்பு இவ்வளவு காயப்படுத்தும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. அதற்குப் போகும் முன் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் எல்லோரும் முதலில் வழுக்குகிறார்கள்.

திசைகாட்டியை நம்புவது

தீவின் வட கோடி மாலின் முனை. அது இருப்பது டொனகல் மாவட்டத்தில். டொனகல் இருப்பது "தெற்கில்". அதாவது, வட அயர்லாந்தின் எந்த ஊரையும்விட வடக்கே தெற்கு இருக்கிறது. இங்கே வடக்கு, தெற்கு என்பவை திசைகள் இல்லை, 1921இல் போட்ட ஒரு கோட்டின் இரண்டு பக்கங்கள். 32 மாவட்டங்களில் 6 யூகேவோடு ஒரு பக்கம், தனி நாடான 26 மறுபக்கம். வட அயர்லாந்தை "அல்ஸ்டர்" என்று சொல்வதிலும் இதே சிக்கல். பழைய அல்ஸ்டர் மாகாணத்துக்கு 9 மாவட்டங்கள். அவற்றில் டொனகல், காவன், மொனகன் மூன்றும் டப்ளின் ஆட்சியில் இருக்கின்றன.

தெற்கில் உள்ள நாட்டின் பெயர் வெறும் "அயர்லாந்து". அரசியல் சட்டத்தில் இருப்பது அதுதான். "ரிபப்ளிக்" என்பது 1949இலிருந்து சட்டப்படி அதன் வர்ணனை. பேச்சில் அப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "தெற்கு அயர்லாந்து" என்று ஒரு நாட்டின் பெயரைப்போலச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வடக்கில் ஒருவர் "ஆறு மாவட்டங்கள்" என்றால் அவர் பிரிவினையை ஏற்காதவர். பிரிட்டனை "மெயின்லேண்ட்" என்பவர் பெரும்பாலும் யூனியனிஸ்ட், அதாவது வடக்கு யூகேவோடே இருக்க வேண்டும் என்பவர். விருந்தாளியாக வந்த நமக்கு இரண்டும் வேண்டாம். "வடக்கு" என்று மட்டும் சொன்னால் போதும்.

டெரியா, லண்டன்டெரியா என்ற கேள்வி வந்தால், எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். இந்தத் தகராறால் அந்த ஊருக்கு "ஸ்ட்ரோக் சிட்டி" என்ற பட்டப்பெயரே உண்டு. இரண்டு பெயருக்கும் நடுவில் போடும் சாய்கோட்டைத்தான் அப்படிக் கிண்டல் செய்கிறார்கள்.

ஒரே மதம், ஆகவே ஒரே மனசு என்று நினைப்பது

பெரிய தவறு இதுதான். தீவு ஒரே நாடாக வேண்டும் என்னும் வடக்கின் தேசியவாதிகள், அதாவது பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், தெற்கைப் பாசத்தோடு பார்ப்பார்கள், தெற்கும் அவர்களைச் சொந்தப் பிள்ளையாக அணைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பாசம் இருக்கிறது. கூடவே நூறு வருஷக் குறையும் இருக்கிறது.

ஓமாக்காரரின் டைரோனையே எடுத்துக்கொள்வோம். கோடு போட்டபோது டைரோனிலும் ஃபெர்மானாவிலும் கத்தோலிக்கர்களே அதிகம். எல்லை ஆணையம் ஒன்று வரும், நம்மைத் தெற்கோடு சேர்த்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள். 1925 டிசம்பரில் டப்ளின், லண்டன், பெல்ஃபாஸ்ட் மூன்றும் கையெழுத்துப் போட்டு, கோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டன. பிரிட்டனின் பொதுக்கடனில் டப்ளின் ஏற்க வேண்டியிருந்த பங்கு அதே ஒப்பந்தத்தில் தள்ளுபடியானது. "எங்களை வித்துக் கடனை அடைச்சாங்க" என்ற பேச்சு அதிலிருந்து வந்தது.

பிறகு 1969. டெரியிலும் பெல்ஃபாஸ்டிலும் வீடுகள் எரிந்த ஆகஸ்ட் மாதம். சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று டப்ளின் பிரதமர் ஜாக் லிஞ்ச் தொலைக்காட்சியில் பேசினார். எல்லையோரம் ராணுவ மருத்துவ முகாம்கள் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. 1972 ஜனவரியில் டெரியில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றபோது, டப்ளினில் கூட்டம் கூடிப் பிரிட்டிஷ் தூதரகத்தைக் கொளுத்தியது. அந்தச் சூடு நீடிக்கவில்லை. 1974 மே 17 அன்று டப்ளினிலும் மொனகனிலும் குண்டுகள் வெடித்து 33 பேர் செத்த பிறகு, "வடக்கின் வியாதி இங்கே ஒட்டிக்கொள்ளக் கூடாது" என்ற பயம் தெற்கில் வேர் பிடித்தது. இணைப்புக்காகச் சண்டையிட்ட ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவோடு தொடர்புடைய சின் ஃபெய்ன் கட்சிக்காரர்களின் குரல் அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரக் கூடாது என்ற தடை 1994 ஜனவரி வரை இருந்தது. இரண்டு தலைமுறை தெற்கத்தியர்கள் வடக்கைச் செய்தியில் மட்டும் பார்த்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள்.

அவர்களுக்கும் நியாயம் உண்டு. 3,500க்கு மேற்பட்டோர் செத்த முப்பது வருஷச் சண்டையில், தங்கள் பெயரைச் சொல்லி ஐ.ஆர்.ஏ. கொன்றதில் அவர்கள் கூசிப்போனார்கள். ஆனால் அந்தக் கூச்சம், ஐ.ஆர்.ஏ.வோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண வடக்கத்தியர் மேலும் படிந்தது. 1997 ஜனாதிபதித் தேர்தலில் மேரி மெக்அலீஸ் நின்றார். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், கலவரத்தில் வீட்டைவிட்டு ஓடிய குடும்பம். டப்ளின் பத்திரிகை எழுத்தாளர் ஒருவர் அவரை "டைம் பாம்" என்று வர்ணித்தார். அவர் ஜெயித்து 14 வருஷம் பதவியில் இருந்தார் என்பது வேறு கதை. இன்னொரு வேடிக்கை: வடக்கில் குடியிருக்கும் ஐரிஷ் குடிமகன் ஜனாதிபதியாகப் போட்டியிடலாம், அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது.

வடக்கத்தியரைத் தெற்கில் "நார்டி" என்பார்கள். தெற்கத்தியரை வடக்கில் "ஃப்ரீ ஸ்டேட்டர்" என்பார்கள், தெற்கின் பழைய பெயரான "ஃப்ரீ ஸ்டேட்"டை வைத்து. எல்லைக்குத் தெற்கே இருப்பதால் "மெக்சிகன்" என்றும் ஒரு கிண்டல் உண்டு. அவர்களுக்குள் சொல்லிக்கொண்டால் அது கேலி. நாம் எடுத்து வீசினால் வேறு பொருள். அந்தக் கார்க் ஊர்க்காரர் சிரித்த சிரிப்பு எந்த ரகம் என்று இப்போது புரிந்திருக்கும்.

தெற்கில் எல்லோரும் இணைப்புக்குத் துடிக்கிறார்கள் என்று நினைப்பது

கருத்துக்கணிப்பில் கேட்டால் தெற்கில் பெரும்பான்மையோர் ஒன்றுபட்ட அயர்லாந்து வேண்டும் என்கிறார்கள். அடுத்த கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்காகக் கூடுதல் வரி கட்டுவீர்களா, மூவர்ணக் கொடியை மாற்றச் சம்மதிப்பீர்களா, தேசிய கீதத்தை விட்டுக்கொடுப்பீர்களா? மூன்றுக்கும் தலையசைப்பவர்கள் குறைவு. வீட்டை விரிவாக்க ஆசை, ஒரு செங்கல்லையும் நகர்த்த மனமில்லை. என் வார்த்தை கொஞ்சம் கடுமைதான், ஆனால் டப்ளினில் இதை மறுத்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

வடக்கிலும் கணக்குப் பார்க்கிறார்கள். தெற்கில் மருத்துவ அட்டை இல்லாத பெரியவர் ஒருமுறை டாக்டரைப் பார்க்க ஐம்பது, அறுபது யூரோ எடுத்துவைக்க வேண்டும். வடக்கில் டாக்டரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அங்கே ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியல் வருஷக்கணக்கில் நீள்கிறது என்பதைத் தெற்கத்தியர் மறக்காமல் நினைவூட்டுவார்கள்.

யூனியனிஸ்ட்டை "இங்கிலீஷ்காரர்" என்று தள்ளுவது

நம்மவர்கள் பலர் காலனி எதிர்ப்பு உணர்ச்சியில் இதைச் செய்கிறார்கள். ஆன்ட்ரிம், டவுன் மாவட்டங்களில் இருக்கும் பிரெஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் பிரிவு) குடும்பம் நானூறு வருஷமாக அங்கே உழுகிறது. "உங்க ஊருக்கே போங்க" என்பதற்கு அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. தெற்கின்மேல் அவர்களுக்கு இருக்கும் குறை வேறு வகை. 1937 அரசியல் சட்டம் தீவு முழுவதும் தன்னுடையது என்று எழுதிக்கொண்டது. 1998இல் தெற்கு மக்கள் 94 சதவீத ஓட்டில் அதை மாற்றும்வரை, அந்த வரி அவர்கள் தலைக்கு மேல் தொங்கியது. எல்லையோரப் பண்ணைகளில் ஆட்களைக் கொன்றுவிட்டுத் தெற்கே ஓடியவர்களை ஒப்படைக்க, "அரசியல் குற்றம்" என்று சொல்லிப் பல வழக்குகளில் டப்ளின் மறுத்ததையும் அவர்கள் மறக்கவில்லை.

இதற்குள்ளும் சுத்தமான பெட்டிகள் கிடையாது. வடக்கின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "பிரிட்டிஷ்" என்று மட்டும் சொன்னவர்கள் 31.9 சதவீதம், "ஐரிஷ்" என்று மட்டும் 29.1, "வட ஐரிஷ்" என்று மட்டும் 19.8. டொனகலின் ரோஸ்னௌலாவில் ஒவ்வொரு ஜூலையும் புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்ட்களின் ஆரஞ்சு சங்கம் ஊர்வலம் போகிறது, தெற்கின் மண்ணிலேயே. ஆகவே ஒருவரின் பெயரையும் பள்ளியையும் வைத்து ஆளை எடைபோட வேண்டாம். அவர்களே போடுவார்கள் என்பது உண்மை. ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை ஒருவர் "ஹெய்ச்" என்கிறாரா, "எய்ச்" என்கிறாரா என்று கேட்டே வடக்கில் மதத்தை ஊகிப்பவர்கள் உண்டு. தெற்கில் பெரும்பாலோருக்கும் "ஹெய்ச்"தான், அங்கே அந்த வித்தை பலிக்காது.

விளையாட்டுப் பேச்சு பாதுகாப்பானது என்று நம்புவது

ரக்பி பரவாயில்லை. தீவுக்கே ஒரு அணி, 1995இலிருந்து எல்லோரும் பாட ஒரு பொதுப் பாட்டும் இருக்கிறது. கால்பந்தில் இரண்டு அணிகள். டெரியில் பிறந்த ஜேம்ஸ் மெக்லீன் வட அயர்லாந்தின் இளையோர் அணியில் ஆடிவிட்டுத் தெற்கின் அணிக்குப் போனவர். அவர் பெயரை எந்த மேசையில் எடுக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெரி சிட்டி கிளப் 1985இலிருந்து எல்லை தாண்டித் தெற்கின் லீக்கில் ஆடுகிறது.

அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்து இன்னும் சுவாரசியம். 1960இல் டவுன் மாவட்ட அணிதான் அகில அயர்லாந்துக் கோப்பையை முதன்முதலில் எல்லைக்கு வடக்கே கொண்டுபோனது. 2003இல் டைரோன் தெற்கின் கெர்ரி மாவட்ட அணியைத் துவைத்தபோது, கெர்ரியின் முன்னாள் வீரர் பாட் ஸ்பிலேன் அந்த ஆட்டத்தை "வாந்தி கால்பந்து" என்றார். டைரோன் அந்த வருஷம் கோப்பையையும் வாங்கியது. ஓமாக்காரரிடம் அந்த வார்த்தையைச் சும்மா சொல்லிப் பாருங்கள், இருபது வருஷம் நேற்றுப்போல ஆகிவிடும்.

பாரில் வாய் தவறுவது

"பிளாக் அண்ட் டேன்" என்று பீர் கலவை கேட்காதீர்கள். 1920, 21இல் ஊர்களைக் கொளுத்திய பிரிட்டிஷ் துணைப்படையின் பெயர் அது. "ஐரிஷ் கார் பாம்" என்று அமெரிக்காவில் ஒரு பானம் விற்கிறார்கள். ஓமாவில் 1998 ஆகஸ்ட் 15 அன்று கார் குண்டில் 29 பேர் செத்தார்கள். அந்த ஊர்க்காரர் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். வடக்கத்திய உச்சரிப்பைக் குரல் மாற்றிப் பேசிக் காட்டுவதும் வேண்டாம், அந்த வேலையைத் தெற்கத்தியர்கள் ஏற்கெனவே போதுமான அளவு செய்கிறார்கள்.

எல்லையே இல்லை என்று நினைப்பது

இது நம்மவர்கள் மட்டும் செய்யும் தவறு. சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கு மேற்பட்ட சாலைகள், எங்கும் தடுப்பு இல்லை. ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்களுக்குத் தடையில்லாத பயணம். இந்தியப் பாஸ்போர்ட்டும் அயர்லாந்துக் குடியிருப்பு அட்டையும் வைத்திருப்பவர் பெல்ஃபாஸ்ட் போக யூகே விசா வேண்டும். குறுகிய காலச் சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு, விசாவில் இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்தின் முத்திரை இருந்தால் மட்டும் விலக்கு. "யார் பார்க்கப் போறாங்க" என்று பஸ் ஏறி, சோதனையில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நான் விசா வாங்கிக்கொண்டுதான் ஓமாக்காரரோடு அவர் ஊருக்குப் போனேன். மொனகன் தாண்டி ஆக்னக்ளாய் வந்தது. சாலையோர மஞ்சள் கோடு முடிந்தது, வேக எல்லை மைலுக்கு மாறியது, என் போனில் யூகேவுக்கு வரவேற்புச் செய்தி வந்தது. அதுவரை "டெரி" என்றிருந்த வழிகாட்டிப் பலகை "லண்டன்டெரி" ஆனது. அதில் "லண்டன்" மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். 1988இல் இங்கே ராணுவச் சோதனைச்சாவடியைக் கடந்து கேலிக் மைதானத்துக்கு நடந்துபோன 23 வயதுப் பையன் ஒருவர் சுடப்பட்டுச் செத்த இடத்தை, வேகத்தைக் குறைத்துக் கையால் காட்டினார். பிறகு அந்தக் குறுகலான ஏ5 சாலையைத் திட்டத் தொடங்கினார். விபத்துக்குப் பேர்போன சாலை அது. அகலப்படுத்த டப்ளின் 60 கோடி யூரோ தருவதாகச் சொல்லியும் வேலை வழக்குகளில் சிக்கிக் கிடந்தது.

டீக்கடையில் நிறுத்தியபோது என் பாஸ்போர்ட்டை வாங்கி, விசா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோடே கிடையாதுன்னு எங்க அப்பா சாகிற வரைக்கும் சொன்னார்" என்றார். "இதுக்கு எவ்வளவு கட்டினீங்க?"

சொன்னேன். டீக்கு அவரே காசு கொடுத்தார், பவுண்டில்.