மேசைக் கணினியை விமானத்தில் கொண்டுசெல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைக் கணினியை விமானத்தில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று முடிவானதும் பலர் முதலில் தேடுவது கெட்டியான ஓர் அட்டைப்பெட்டியைத்தான். பெட்டி தேவைதான். ஆனால், வெளியில் ஒரு கீறல்கூட விழாமல் வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே திரைக்காட்சியை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பெயர்ந்து கிடப்பதும், அது செருகப்பட்டிருந்த மதர்போர்டின் (பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகையின்) ஸ்லாட் பிளந்திருப்பதும் உண்டு. கேபினட்டுக்குள், அதாவது பாகங்கள் அடங்கிய கணினியின் கூட்டுக்குள், கிலோக் கணக்கில் எடையுள்ள பாகங்கள் சில, ஓரிரு திருகுகளையும் மெல்லிய பிளாஸ்டிக் கொக்கிகளையும் நம்பித்தான் நிற்கின்றன. ஓரிடத்தில் அசையாமல் இருக்கும்வரை அந்தப் பிடிமானம் போதும். பெட்டி ஒரு முறை தரையில் போடப்பட்டால் அந்த எடை பல மடங்காக மாறி, தான் பிடித்திருக்கும் இடத்தையே பிய்த்துவிடும். ஆகவே, கேபினட்டை ஒரே பொருளாகக் கருதி அப்படியே சுற்றிக் கட்டி அனுப்புவதுதான் இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கழற்ற வேண்டிய பாகங்களில் முதலாவது கிராஃபிக்ஸ் கார்டு. நடுத்தர வகைக் கார்டுகளே ஒரு கிலோவை நெருங்குகின்றன. உயர்வகைக் கார்டுகளில் சில இரண்டு கிலோவைத் தாண்டுகின்றன. இதைக் கழற்றும்போது அவசரப்படுபவர்கள் பயணம் தொடங்கும் முன்பே சேதத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். பவர் கேபிளை அதன் கொக்கியை அழுத்தி எடுத்த பிறகு, கேபினட்டின் பின்புறத் திருகுகளை நீக்க வேண்டும். அதன் பின், ஸ்லாட்டின் ஒரு முனையில் கார்டைக் கவ்விக்கொண்டிருக்கும் சிறிய நெம்பை விடுவிக்க வேண்டும். பெரிய கார்டு இருக்கும்போது இந்த நெம்பு கார்டின் அடியில் மறைந்திருக்கும், விரல் எளிதில் எட்டாது. அது திறக்காத நிலையில் கார்டை இழுத்தால் ஸ்லாட்டின் முனை உடையும், அல்லது கார்டின் விளிம்பில் விரிசல் விழும். டார்ச் வெளிச்சத்தில் நெம்பைப் பார்த்து, மரக்குச்சி போன்ற மின்சாரம் கடத்தாத ஒன்றால் மெதுவாகத் தள்ளிவிட்டு, கார்டை இரு முனைகளிலும் பிடித்து நேராக உயர்த்துவதே முறை. கழற்றிய கார்டை நிலைமின் (ஸ்டேட்டிக் மின்சாரம்) தடுப்பு உறையில் இட்டு, அதன் சொந்தப் பெட்டி இருந்தால் அதில் வைத்து, கைப்பையில் கொண்டுசெல்வது நல்லது.

அடுத்தது, கணினியின் மையச் செயலியான பிராசசர் மீது கோபுரம்போல் நிற்கும் ஏர் கூலர். நாக்டுவா நிறுவனத்தின் என்.எச்.-டி15 போன்ற பெரிய கூலர்கள் இரண்டு விசிறிகளோடு சேர்த்து 1.3 கிலோ எடையும் சுமார் 16.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்டவை. இவ்வளவு எடை மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு சாதாரண அதிர்ச்சிகூட மதர்போர்டை வளைத்துவிடும். இதைக் கழற்றாமல் அனுப்புவது ஒரு தவறு. குளிர்ந்த நிலையில் வெடுக்கென்று பிடுங்குவது இன்னொரு தவறு. பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசப்படும் தெர்மல் பேஸ்ட் நாளடைவில் இறுகிப் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். ஏஎம்டியின் ஏ.எம்.4 வகை பிராசசர்களில் ஊசிகள் பிராசசரின் அடிப்பகுதியிலேயே இருப்பதால், சாக்கெட்டின் (பிராசசர் பொருந்தும் இடத்தின்) பூட்டு மூடியிருக்கும்போதே கூலரோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் வெளியே வந்துவிடுவதுண்டு. அப்படி வந்தால் அந்த 1,331 ஊசிகளில் எது வளையும் என்று சொல்ல முடியாது. கணினியைச் சிறிது நேரம் கனமான வேலையில் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுத்தால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். இன்டெல் பிராசசர்களிலும் ஏ.எம்.5 வகையிலும் ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. அங்கே பிராசசரை எடுக்காமல் விட்டுவைப்பதே சாக்கெட்டுக்குப் பாதுகாப்பு. எப்படிக் கழற்றினாலும், திரும்பப் பொருத்துவதற்குப் புதிய தெர்மல் பேஸ்ட் வேண்டும்; அதை மறந்துவிட்டு வருபவர்கள் சென்று சேர்ந்த இடத்தில் முதல் நாளே கடை தேட வேண்டியிருக்கும்.

தண்ணீர்க் குளிர்விப்பு முறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். தொழிற்சாலையிலேயே அடைத்து விற்கப்படும் வகையைக் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதன் எடையில் பெரும்பகுதி கேபினட்டின் சட்டத்தில்தான் விழுகிறது. தாமே குழாய் பூட்டி அமைத்த வகையென்றால், திரவத்தை முற்றிலும் வடித்துவிடாமல் புறப்படக் கூடாது.

எல்லாவற்றையும் கழற்றத் துணிவில்லாதவர்கள், கேபினட்டின் உட்பகுதியையும் நிரப்பியாக வேண்டும். கணினிகளைத் தயாரித்து அனுப்பும் நிறுவனங்கள், ஊதிப் பெருகி உள்ளிடத்தின் வடிவத்துக்கே இறுகும் நுரைப்பைகளை உள்ளே வைப்பது இதற்காகத்தான். வீட்டில் அதற்கு ஈடாக நிலைமின் தடுப்பு பபிள் ராப்பைச் சுருட்டி, கார்டுக்கும் கேபினட்டின் அடித்தளத்துக்கும் இடையில் அழுத்தமாகச் செருகலாம். சாதாரணத் தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டுவது தவறு. அவை நிலைமின்னை உண்டாக்குவதோடு விசிறிகளுக்குள்ளும் ஸ்லாட்டுகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும். எதை வைத்து நிரப்பினாலும், ‘உள்ளே அடைப்பு இருக்கிறது, எடுத்த பிறகே இயக்கவும்’ என்று எழுதிப் பவர் கேபிள் செருகும் துளையின் மீதே ஒட்டிவிட வேண்டும். களைப்போடு வந்து சேர்ந்தவர் நேராக சுவிட்சைப் போட்டால், நிற்கும் விசிறிகளோடு கணினி சூடேறத் தொடங்கிவிடும்.

பக்கவாட்டில் கண்ணாடி உள்ள கேபினட்டுகள் இப்போது மிகுதி. இந்தக் கண்ணாடி தட்டையான பரப்பில் நல்ல வலு உடையது. ஓரத்திலோ மூலையிலோ அடிபட்டால் ஒரே நொடியில் ஆயிரம் துகள்களாகிவிடும். அதைக் கழற்றித் தனியாகச் சுற்றி, அதன் இடத்தில் கெட்டியான அட்டையை வெட்டிப் பொருத்துங்கள்.

பெட்டியின் அளவைப் பற்றிய கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். பல விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் ஒரு செக்-இன் பெட்டிக்கு 23 கிலோவையும், நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகையாக 158 சென்டிமீட்டரையும் வரம்பாக வைத்திருக்கின்றன. 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியைப் பெரும்பாலும் ஏற்பதே இல்லை. 47 சென்டிமீட்டர் உயரம், 46 நீளம், 23 அகலம் உள்ள நடுத்தரக் கேபினட்டின் கூட்டுத்தொகை 116. அதற்கு ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் நுரை வைத்தால் ஒவ்வோர் அளவிலும் 10 கூடி, மொத்தம் 146 ஆகிவிடும். பெட்டியின் தடிமனும் சேர்ந்தால் வரம்பு தொட்டுவிடும் தூரத்தில்தான் இருக்கும். பெரிய கேபினட் என்றால் போதிய நுரைக்கு இடமே இராது. அந்த நிலையில் நுரையைக் குறைத்து அளவுக்குள் அடக்குவதைவிட, கேபினட்டை விட்டுவிட்டு பாகங்களை மட்டும் எடுத்துச் செல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. வெறும் கேபினட் என்பது தகரமும் கண்ணாடியும்தான். எடையில் பெரும்பங்கும் இடத்தில் பெரும்பங்கும் அதனுடையது, மதிப்பில் பெரும்பங்கு அதனுடையதன்று. 17 சென்டிமீட்டர் சதுர மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு கொண்ட சிறிய கணினியாக இருந்தால், சில வேளைகளில் முழுக் கணினியும் கைப்பை அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் கைப்பைக்கு எடை வரம்பு பல நிறுவனங்களில் 7 கிலோ முதல் 10 கிலோ வரைதான் என்பதால், வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று பெட்டியில் அம்புக்குறி போட்டுவிட்டு நிம்மதியடைவதும் வேண்டாம். எந்தப் பக்கம் கீழே விழுந்தாலும் தாங்கும்படி கட்டுவதே கட்டுதல்.

சேமிப்பகங்களை, அதாவது ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும், கேபினட்டோடு சேர்த்துச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. நின்றிருக்கும் ஹார்ட் டிஸ்க், ஓடும் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும் என்பது உண்மை. சரக்கறையிலும் காற்றழுத்தம் பயணிகள் பகுதியைப் போலவே பராமரிக்கப்படுவதால் அழுத்தத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது பெட்டியே காணாமல் போவதைப் பற்றி. பாகத்துக்கு மாற்று கிடைக்கும், தரவுக்குக் கிடைக்காது. புறப்படும் முன் முழு நகல் எடுத்து, நகலை வேறிடத்தில் வைத்துவிட்டு, மூலத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். எக்ஸ்-ரே சோதனையில் தரவு அழிந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் டிஸ்க்கைச் செக்-இன் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறார்கள். எக்ஸ்-ரே டிஸ்க்கின் காந்தப் பதிவைத் தொடுவதில்லை. செக்-இன் பெட்டிகளும் எக்ஸ்-ரே சோதனையைக் கடந்துதான் போகின்றன. சோதனையில் அதிகாரி கேட்டால் எளிதில் திறந்து காட்டும்படி, நிலைமின் உறையின் வாயை மடித்து மட்டும் வைத்தால் போதும். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் அவர் அதைக் கிழித்துத்தான் பார்ப்பார். செக்-இன் பெட்டியையும் நீங்கள் இல்லாதபோது திறந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. எனவே, பார்த்தவுடனே எது எங்கே திரும்ப வைக்கப்பட வேண்டும் என்று விளங்கும்படி அடுக்கி, உள்ளே மேலாக ஒரு குறிப்பும் வைக்கலாம்.

கணினியோடு கூடவே வரும் சில்லறைப் பொருள்களில்தான் விதிமீறல் அதிகம் நேர்கிறது. பவர் பேங்க்கும் தனியாக உள்ள எந்த லித்தியம் பேட்டரியும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும், பொதுவாக 100 வாட்-மணிக்கு உட்பட்டிருக்க வேண்டும். வயர்லெஸ் விசைப்பலகை, ஹெட்செட் போன்றவற்றைச் செக்-இன் பெட்டியில் வைத்தால் முழுதாக அணைத்துவிட வேண்டும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி அதன் இடத்திலேயே இருக்கட்டும். கழற்றினால்தான் அது தனிப் பேட்டரியாகிறது. தூசி ஊதுவதற்கான அழுத்தக்காற்று டப்பா எந்தப் பையிலும் கூடாது. துடைக்கும் ஆல்கஹால் பாட்டிலும் எரியும் பொருள் என்பதால் அப்படித்தான். ஸ்க்ரூடிரைவர் செக்-இன் பெட்டியில் போகட்டும், கைப்பையில் இருந்தால் பறிபோகலாம். யு.பி.எஸ். கருவியை எடுத்துச் செல்லவே வேண்டாம்.

மானிட்டரைத் துணிகளுக்கு நடுவில் வைத்தால் பத்திரம் என்பது தவறான எண்ணம். துணி அடியைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது, மானிட்டரின் திரை உடைவது பெரும்பாலும் அழுத்தத்தால்தான். அதன் மூலப் பெட்டி இல்லையென்றால் விட்டுச் செல்வது மேல்.

நாடு விட்டு நாடு செல்பவர்கள் கணினியை வாங்கிய பில்லை, பாகங்களுக்குத் தனித்தனியாக இருந்தால் அவை அனைத்தையும், கையில் வைத்திருக்க வேண்டும். பயணியின் மடிக்கணினிக்குச் சுங்கத்தில் கிடைக்கும் சலுகை மேசைக் கணினிக்கும் கிடைக்கும் என்று தாமாகவே முடிவுசெய்துகொள்வது தவறு. திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், புறப்படும்போதே சுங்கத்தில் பதிவு செய்யும் வசதி உள்ளதா என்று கேட்டு வரிசை எண்களோடு சான்று பெற்றுக்கொள்வது, திரும்பும்போது எழும் கேள்விகளுக்கு விடையாகும்.

சென்று சேர்ந்தவுடன் கணினியை இயக்க வேண்டாம். குளிர்ந்த உலோகம் ஈரக்காற்றுள்ள அறைக்குள் வந்ததும் அதன் மேல் நீர் படியும். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளிலும் படியும். சில மணி நேரம் அறை வெப்பநிலையில் விட்டு, அதன் பின் திறந்து, கேபினட்டைச் சற்றுச் சாய்த்து, கழன்ற திருகு ஏதேனும் உருளும் ஓசை கேட்கிறதா என்று கவனித்து, ரேம் நினைவகத்தையும் கேபிள்களையும் ஒரு முறை அழுத்திவிட்டு இணைக்கலாம். இணைக்கும் முன் பவர் சப்ளையின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 220 முதல் 240 வரை. இன்றைய தரமான பவர் சப்ளைகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாமே ஏற்கும். பழையவற்றின் பின்புறம் 115, 230 என்று குறித்த சிறிய சுவிட்ச் இருக்கும். அதை 115-இல் விட்டுவிட்டு 230 வோல்ட் இணைப்பில் செருகினால் பவர் சப்ளை அந்த நொடியே எரிந்துபோகும்.

விண்டோஸில், சேமிப்பகத்தைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், பாகங்களைக் கழற்றி மாட்டிய பிறகு 48 இலக்க மீட்புக் குறியீட்டை அது கேட்கக்கூடும். குறியீடு அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் கிடந்தால் பயனில்லை. தாளில் எழுதியோ தொலைபேசியில் சேமித்தோ கொண்டுவர வேண்டும்.

சேதம் நேர்ந்தால் விமான நிறுவனம் முழுவதையும் ஈடுகட்டிவிடும் என்று நம்பிப் புறப்படுவதும் தவறுதான். 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பன்னாட்டுப் பயணங்களில், பயணி ஒருவரின் உடைமைகளுக்கான பொறுப்பு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். ஆகும், இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் வரம்பு உயரும். உடைமையின் இயல்பான குறைபாட்டால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. மின்னணுப் பொருள்களைச் செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று நிறுவனங்கள் தம் நிபந்தனைகளில் எழுதியிருப்பதையும் எதிர்வாதமாகக் காட்டுவார்கள். ஆகவே, கட்டும் முன் கணினி ஓடும் நிலையிலும், கழற்றிய பிறகும், கட்டி முடித்த பிறகும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி நசுங்கியோ கிழிந்தோ வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள உடைமைப் பிரிவில் முறையீட்டைப் பதிவு செய்து அதன் எண்ணைப் பெற வேண்டும். வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளே சேதம் இருந்தாலும், பெட்டியைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட்டாக வேண்டும். அந்தக் கெடு கடந்தால் உரிமையும் போய்விடும் என்பதால், கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிடாதீர்கள்.