மருந்து ஏற்றி எடுத்த கல்லீரல் ஸ்கேன் அறிக்கையைப் படிக்கும் முறை

பாலக்காட்டில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் மருத்துவரைப் பார்க்கப் போகும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தார், அறிக்கையில் கட்டியின் அளவைத் தேடுவதற்கு முன், ஸ்கேன் எத்தனை கட்டங்களாக எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; ஈரல் உயிரணுக்களிலேயே தோன்றும் கல்லீரல் உயிரணுப் புற்றோ பெரும்பாலும் தமனி இரத்தத்தைக் கொண்டே வளர்கிறது. ஆகவே இரத்த ஓட்டத்தைப் படத்தில் வெளுத்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி ஏறத்தாழ 35 நொடியில் எடுக்கும் தமனிக் கட்டத்தில் கட்டி சுற்றியுள்ள ஈரலைவிட வெளுத்தும், 60 முதல் 80 நொடிக்குள் எடுக்கும் சிரைக் கட்டத்திலோ, 2 முதல் 5 நிமிடத்திற்குள் எடுக்கும் தாமதக் கட்டத்திலோ அதைவிடக் கறுத்தும் தெரியும். இப்படிக் கறுப்பதையே ‘வாஷ்அவுட்’ என்று எழுதுகிறார்கள். ஒரு கட்டம் மட்டும் எடுத்திருந்தால் இந்த மாற்றம் புலப்படாது. மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அது வீண்செலவு என்று கோபப்பட வேண்டியதில்லை.

அடுத்து ‘லைராட்ஸ்’ என்ற வகைப்பாடு; கட்டி கல்லீரல் உயிரணுப் புற்றாக இருக்கும் வாய்ப்பை இது தரம் பிரிக்கிறது. சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிக் கெட்டியாதல்), நாட்பட்ட ஹெபடைடிஸ் பி, அல்லது ஏற்கெனவே இதே புற்று உள்ள பெரியவர்களுக்கே இது பொருந்தும். அவர்களிடம் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டி, விளிம்பில் மட்டுமன்றித் தமனிக் கட்டத்தில் வெளுத்து, அதனுடன் வாஷ்அவுட், கட்டியைச் சுற்றி வெளுத்துத் தெரியும் உறை, ஆறு மாதத்திற்குள் 50 சதவீத வளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றும் இருந்தால் அது எல்.ஆர்.-5, அதாவது உறுதியாகக் கல்லீரல் உயிரணுப் புற்று; பொதுவாகத் திசுப் பரிசோதனை இன்றியே சிகிச்சையைத் தொடங்கலாம். 10 முதல் 19 மில்லிமீட்டர் கட்டிக்கு உறை மட்டும் போதாது. ஈரல் நோய் இல்லாதவரிடம் இதே படம் தெரிந்தாலும் இந்த உறுதியைத் தர இயலாது.

விளிம்பு மட்டும் வெளுத்தால் எல்.ஆர்.-எம், அதாவது புற்றாக இருக்கலாம், ஆனால் கல்லீரல் உயிரணுப் புற்றுதான் என்று சொல்ல முடியாது; பித்தநாளப் புற்றோ, வேறிடத்திலிருந்து பரவியதோ ஆகலாம் என்பதால் பெரும்பாலும் திசு எடுத்துப் பார்ப்பார்கள். ஓரத்தில் திட்டுத்திட்டாக வெளுத்து மெல்ல உள்நோக்கி நிரம்பினால் அது பெரும்பாலும் ஹீமாஞ்சியோமா என்னும் தீங்கற்ற இரத்தநாளக் கட்டி.

போர்ட்டல் சிரை பற்றிய வரியைத் தவறவிடக் கூடாது. அதனுள் உள்ள அடைப்பும் மருந்தை ஏற்று வெளுத்தால், அது வெறும் இரத்தக்கட்டு அன்று, புற்றே சிரைக்குள் புகுந்திருக்கிறது. ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் என்ற 1996-ஆம் ஆண்டின் மிலான் வரையறைக்குள் அளவு அமைந்தாலும், சிரைக்குள் புகுந்துவிட்டால் மாற்று ஈரல் சிகிச்சைக்கு அந்த வரையறை இடம் தராது.

வாளையாறு தாண்டும்போது ஃபிலிம் மட்டும் போதாது. எல்லாக் கட்டங்களும் பதிந்த சி.டி. தட்டு, பழைய ஸ்கேன், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் முடிவு, மருந்து ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஆகியவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும்.