டெல்டா கொல்லையில் ஆவாரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரிலிருந்து வல்லத்துக்குப் போகும் வழியில் செம்மண் மேடு தொடங்கிய உடனே சாலையோரத்தில் ஆவாரை தென்படும். யாரும் விதைத்ததில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. கத்திரி வெயிலிலும் இலை வாடாமல் நிற்கும். அதே செடியை மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் நட்டுப் பாருங்கள். ஆவணி வரை தளதளவென்று இருக்கும், கார்த்திகையில் செத்துவிடும். எங்கள் கொல்லையில் இப்படி மூன்று செடிகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் இழந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தச் செடிகள் கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. நெல்லுக்கும் வாழைக்கும் பழகிய நம் கை, ஆவாரைக்கும் அதே பாசத்தைக் காட்டியதால் செத்தன.

முதல் தவறு நடும் இடத்தில் தொடங்குகிறது. டெல்டாவின் களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஒட்டிக்கொண்டு இறுகும். அப்படி இறுகிய மண்ணுக்குள் காற்றுப் புகாது. ஆவாரையின் வேருக்கோ தண்ணீரைவிடக் காற்றுதான் முக்கியம். நமக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அதற்கு முன்பே, வழக்கமாக ஜூன் 12 அன்று, மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, அக்கம்பக்கத்து வயல்களில் நீர் கட்டியதும் கொல்லையின் அடிமண் ஈரமாகிவிடும். மேலே காய்ந்து தெரிகிற மண் ஒரு முழம் கீழே சொதசொதவென்று இருக்கும். அந்த ஈரத்தில் வேர் அழுகத் தொடங்கினால் இலையில் அடையாளம் தெரிய ஒரு மாதம் ஆகும்.

ஆகவே குழி வெட்டாதீர்கள், மேடு கட்டுங்கள். இரண்டடி உயரம், நான்கடி அகலம் போதும். கொல்லை மண்ணில் பாதி அளவுக்குச் செம்மண்ணோ மணலோ கலக்க வேண்டும். மணல் கிடைக்காவிட்டால் பழைய வீடு இடித்த செங்கல் உடைசலை நன்றாக நொறுக்கிப் போடலாம், நான் அதைத்தான் போட்டேன். மேட்டைச் சுற்றி மழைநீர் நிற்காமல் ஓட ஒரு சிறு கன்னி வாய்க்கால் எடுத்துவிடுங்கள். கொள்ளிடத்துப் படுகையிலும், வேதாரண்யத்து மணற்பாங்கிலும், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலத்திலும் இருப்பவர்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் மிச்சம். ஆனாலும் 1934 முதல் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் பாய்கிற பகுதியில் வாய்க்கால் கரையை ஒட்டி நடுவதைத் தவிருங்கள்.

அடுத்தது தண்ணீர். அடி இலை மஞ்சளானதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "தண்ணீர் போதவில்லை" என்பதுதான். களிமண்ணில் அது பெரும்பாலும் தலைகீழ். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் தண்ணீர் விடவே கூடாது. முளைத்த முதல் இரண்டு மாதங்கள் வாரத்துக்கு இரு முறையும், வேர் பிடித்த பின் சித்திரை, வைகாசியில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் விட்டால் போதுமானது. ஆடிக்குப் பிறகு வாளியைத் தொட வேண்டிய தேவை இருக்காது.

எருவிலும் இதே கதைதான். கூடை கூடையாகச் சாணி எரு கொட்டினால் இலை பெருகும், பூ குறையும். நடும்போது இரண்டு கை மட்கிய எரு போட்டாலே மிகுதி. அவரைக் குடும்பத்துச் செடிதானே, வேர்முடிச்சு வைத்து மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும் என்று நம்பிப் பசுந்தாளாக நினைத்து வளர்ப்பவர்களும் உண்டு. ஆவாரை வேர்முடிச்சு வைப்பதில்லை. அந்த வேலைக்குத் தக்கைப்பூண்டும் சணப்பும்தான் சரியானவை.

சாலையோரத்துச் செடியைப் பெயர்த்துக் கொண்டுவந்து நடுவதும் வீண் வேலை. ஆணிவேர் ஆழத்தில் ஓடுகிறது, பிடுங்கும்போது அது அறுந்துவிடும். பழுப்பாக முற்றிய தட்டைக் காய்களைப் பறித்து விதை எடுங்கள். விதைத்தோல் கடினமானது, அப்படியே ஊன்றினால் பல விதைகள் முளைக்காமல் கிடக்கும். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறிய பின் இரவு முழுவதும் அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் நேரடியாக மேட்டில் ஊன்றுங்கள். மழைக்கு முன்பாக ஊன்றுவது மானாவாரி நிலத்துக்குச் சரி. நம் களிமண்ணுக்குத் தை கடைசிதான் பொருத்தம். அடுத்த ஐப்பசி வருவதற்குள் செடிக்கு முழுதாக எட்டு மாதம் கிடைக்கும், அதற்குள் வேர் வலுத்துவிடும்.

பூத்து ஓய்ந்ததும் கிளைநுனிகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். விட்டுவிட்டால் அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் பூக்கும்.

இலைகளைப் புழு தின்றிருந்தால் பதறாதீர்கள். வெளிர்மஞ்சளும் வெளிர்பச்சையுமாகக் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் அவை. ஆவாரையும் அதன் இனச் செடிகளும்தான் அவற்றின் உணவு. சில நாட்களில் அவை கூட்டுப்புழுவாகிவிடும், செடி மறுபடி துளிர்க்கும். குடிக்கப்போகும் பூவின் மேல் பூச்சிமருந்து தெளிப்பதைப் போன்ற தவறு வேறில்லை. பூவுக்கு வரும் கருவண்டுகளும் செத்துப்போகும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் உண்டு. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளையிலிருந்து அதை உதிர்க்க அந்த வண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். காலை ஏழு மணிக்குச் செடி அருகே நின்றால் அந்த ரீங்காரத்தைக் கேட்கலாம். எனக்கு அது கேட்காத நாள் நிறைவாக இருப்பதில்லை.

நம் வீட்டில் மருந்து அடிக்காவிட்டாலும் பக்கத்துச் சம்பா வயலில் அடிப்பார்கள், காற்றில் அது வந்து படியும். தெளித்த வாரத்தில் பூப் பறிக்க வேண்டாம். வயல் வரப்புப் பூவும், புகை படியும் பெரிய சாலை ஓரத்துப் பூவும் சமையலுக்கு ஆகாது.

இனி, எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு: மஞ்சளாகப் பூத்ததையெல்லாம் ஆவாரை என்று எடுத்துக்கொள்வது. தகரையும் பேயாவரையும் கொல்லையிலும் குப்பைமேட்டிலும் தானாக முளைப்பவை, இரண்டும் மஞ்சள் பூப் பூப்பவை. பேயாவரை விதையைத் தின்று வட இந்தியாவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இலையைப் பாருங்கள். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல ஓர் இலையடிச் செதில் அகலமாக விரிந்து, உதிராமல் நிற்கும். அதுதான் ஏமாற்றாத அடையாளம். சிற்றிலைகள் எட்டு முதல் பன்னிரண்டு இணைகள், நுனி மழுங்கியவை. தகரைக்கு மூன்றே இணைகள். பேயாவரைக்கு நான்கைந்து இணைகள், நுனி கூர்மையாக இருக்கும், கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். காயும் கைகொடுக்கும்: ஆவாரங்காய் காகிதம் போலத் தட்டை, தகரையின் காய் ஒல்லியாக வளைந்து நீண்டது.

பறிப்பதில் அவசரம் கூடாது. பனி காய்ந்த பின், ஒன்பது மணி வாக்கில், அன்று மலர்ந்த பூவையும் விரியப்போகும் மொட்டையும் எடுங்கள். ஈரப் பூவைக் குவித்து வைத்தால் மாலைக்குள் புழுங்கிக் கறுத்துவிடும். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் பொன்னிறம் வெளுத்துவிடும். நிழலில், காற்றோடும் இடத்தில், வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். மார்கழியில் நம் ஊர்க் காற்றே ஈரம். மூன்று நாளில் காய்ந்தது போலத் தோன்றும் பூவை டப்பாவில் அடைத்துப் பத்தாம் நாள் திறந்தால் பூஞ்சை வெண்மையாகப் படர்ந்திருக்கும். விரலில் நசுக்கினால் சருகு போல நொறுங்க வேண்டும், மடங்கினால் இன்னும் காயவில்லை. ஆண்டுத் தேவைக்கான பூவை மாசி, பங்குனியில் காயவைப்பது நல்லது. பூஞ்சை பிடித்ததை வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காதீர்கள், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

கஷாயம் என்ற பெயரில் அரை மணி நேரம் கொதிக்கவைக்கிறோம். தோல் பதனிடப் பயன்படும் துவர்ப்பு இந்தச் செடியின் பட்டையில் நிறைய, பூவிலும் ஓரளவு உண்டு. கொதிக்கக் கொதிக்க நாக்கு இழுக்கும். ஒரு டம்ளருக்கு ஐந்தாறு புதுப் பூ அல்லது ஒரு தேக்கரண்டி காய்ந்த பூ, மேலே வெந்நீர், ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். இலங்கையில் அன்றாடம் குடிக்கும் ஆவாரம் தேநீரும் மெல்லியதுதான். சர்க்கரை நோய்க்காகக் குடிப்பவர்கள் அதில் கருப்பட்டி போடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. பூவுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இருப்பதாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரைக்கு அது மாற்றாகாது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றலும் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். வலிப்புக்குக் கார்பமசெபின் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் பாசிப்பருப்புக் கூட்டில் சின்ன வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி சேர்த்துச் சாப்பிடலாம், காம்பை மட்டும் கிள்ளிவிட வேண்டும்.

குளியல் பொடிக்கு ஆவாரம்பூ, பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் சேர்த்து மில்லுக்கு அனுப்பும்போது, முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்த்தூளுக்குப் பின்னால் அரைத்து வந்த பொடியைக் குழந்தைக்குத் தேய்த்துவிட்டு, அது அழுத அழுகையை ஒரு முறை பார்த்திருக்கிறேன். பயறோ அரிசியோ ஒரு படி அரைத்து முடிந்த பிறகு நம்முடையதைப் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் உங்கள் முழங்கையின் உட்புறத்தில் தடவி, சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள்.