பழைய சிறுதுளை டிராம்போன்களை ஒப்பிட்டுக் கேட்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தேவாலய வாத்தியக் குழுவுக்கு டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி ஒன்று வாங்குவதற்காக மூன்று பழைய கருவிகளை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். ஒன்று கிங் நிறுவனத்தின் 2பி, இன்னொன்று கான் நிறுவனத்தின் 6எச், மூன்றாவது பெயர் தேய்ந்துபோன பிரிட்டிஷ் கருவி. அன்று மாலையே கிங்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அது அவசர முடிவு என்று தெரிய இரண்டு வாரமாயிற்று.

2பி-யின் குழல் உள்விட்டம் 0.481 அங்குலம், 6எச்சின் உள்விட்டம் 0.500 அங்குலம். இன்றைய இசைக்குழுக்களில் வழங்கும் பெரிய டிராம்போன்களுக்கு அது 0.547 அங்குலம். முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் உதடு அதை உணர்கிறது. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைத் தேடும்போது, கருவியின் பழுதை அதன் குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே முதலில் பழுது பாருங்கள். ஸ்லைடை, அதாவது சுரம் மாற்ற இழுத்துத் தள்ளும் குழாயை, தனியே கழற்றி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுமுனையில் மெல்ல ஊதுங்கள்; மூச்சு எங்கும் கசியக் கூடாது. 6எச்சில் எனக்குக் கசிந்தது. நீர் வடிக்கும் விசையின் கார்க்கைச் சுற்றிச் சோப்பு நீர் தடவியதும் ஒரு சிறு குமிழி எழுந்து உடைந்தது. அடிச்சுரங்கள் மங்கலாக ஒலித்ததற்கு அந்தக் கார்க்கே காரணம். அதை மாற்றியதும் குரல் திறந்துவிட்டது. பிறகு ஸ்லைடைச் செங்குத்தாகப் பிடித்து, கீழே கையை வைத்துக்கொண்டு வெளிக்குழாயை விடுங்கள். தன் எடையிலேயே தடையின்றி இறங்க வேண்டும். குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளை உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது என்று பொருள். நம் ஊர் ஈரக்காற்றில் பெட்டிக்குள் மூடியே கிடந்த கருவிகளில் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

பிரிட்டிஷ் கருவியென்றால் சுருதியையும் சோதிக்க வேண்டும். அந்நாட்டுப் பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை இன்றைய பொது அளவான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக, சற்று மேலே, ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்து வாசித்தன. சுருதிக் குழாயை முழுவதும் வெளியே இழுத்த பின்பும் ஆர்மோனியத்தோடு சேராமல் மேலேயே நின்றால், குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தக் கருவி குழுவுக்கு உதவாது. மூன்றாவது கருவியை நான் இப்படித்தான் மனவருத்தத்தோடு ஒதுக்கினேன்.

இனி ஒப்பீடு. எல்லாவற்றுக்கும் ஒரே மவுத்பீஸை, அதாவது உதடு வைத்து ஊதும் முனையை, பயன்படுத்துங்கள். அது ஒவ்வொரு கருவியிலும் ஆடாமல் இறுகி நிற்கிறதா என்றும் பாருங்கள். வெயில் ஏற ஏறச் சுருதியும் ஏறுவதால், தகரக் கூரைக்குக் கீழே ஒன்றைக் காலையிலும் மற்றொன்றைப் பிற்பகலிலும் ஊதி ஒப்பிடாதீர்கள். ஒரே சுரத்தைக் காதோடு பேசும் அளவில் தொடங்கி முழு ஒலி வரை வளர்த்து, அதே நிதானத்தோடு தணியுங்கள். வளர்க்கும்போது எந்த இடத்தில் பித்தளையின் கணீரொலி புகுகிறது என்பதைக் கவனியுங்கள். குறுகிய குழலில் அதே அளவு ஒலிக்கு அதிகக் காற்றழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்தம் மிகுந்த அலை குழல் வழியே செல்லச் செல்லச் செங்குத்தாகக் கூர்மையடைவதால் அந்த ஒலி விரைவில் பிறக்கிறது. என் கையில் 2பி-யின் ஒலி எளிதில் தீப்பிடித்துக் கணீரென்றது; 6எச்சின் ஒலி இன்னும் சற்று மூச்சை வாங்கிக்கொண்டு, நெடுநேரம் உருண்டையாகவே நின்றது. அடுத்து மெதுவான கீர்த்தனை ஒன்றை இரண்டிலும் வாசித்து, சுரங்கள் தாமாக வந்து அமர்கின்றனவா, உதடு தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலி வெளிவரும் விரிந்த வாயான பெல் இடக்காதுக்கு அருகிலேயே இருப்பதால் ஊதுகிறவர் கேட்பதும் சபை கேட்பதும் ஒன்றல்ல. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் மாமாவை இருபது அடி தள்ளி, முதுகு காட்டி உட்கார வைத்து, எந்தக் கருவி என்று சொல்லாமல் வரிசையை மாற்றி மாற்றி ஊதினேன். ஐந்து முறையும் அவர் பிரித்துச் சொன்னார். 2பி-யைக் கேட்டு, “இது அந்தக் கோடியிலேர்ந்து கூப்பிடுது” என்றார். 6எச்சுக்கு, “இது பக்கத்துல உக்காந்து பேசுது” என்றார்.

எங்கள் குழு பாடகர்களுக்குப் பின்னால் அமர்ந்து வாசிப்பது. ஆகவே 6எச்சை வாங்கினோம்.