புது காரில் கியர்பாக்ஸ் தகராறா? சர்வீஸுக்கு விடும் முன் செய்ய வேண்டியவை

வாங்கிச் சில மாதங்களே ஆன கார், கியர் மாறும்போது உதறுகிறது. சர்வீஸ் சென்டரில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வாரண்டி உள்ள வண்டியில் கியர்பாக்ஸைச் சரிசெய்வது நம் வேலையில்லை. பழுதை அவர்கள் மறுக்க முடியாதபடி காட்டி, காகிதத்தில் ஏற்றுவதுதான் நம் வேலை.

படி 1: எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோமேட்டிக் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் இயந்திரம் செய்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது தலை லேசாக முன்னே போய் வருவது அதில் சகஜம். சிவிடியில் தனித்தனி கியரே கிடையாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் சத்தம் கூடும், வேகம் பிறகுதான் வரும். இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகிக் கொஞ்சம் உதறும். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இன்ஜின் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிதான் பொதுவாக மென்மையாக மாறக்கூடியது. அதில் சீரான வேகத்தில் போகும்போது, சாலையோர அதிர்வுக் கோடுகள்மேல் டயர் ஏறியது போல உணர்ந்தால் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்சை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் பகுதி) சந்தேகிக்கலாம். மேனுவல் வண்டி ரிவர்ஸில் 'ஊ'வென்று ஊளையிட்டால் பயப்படாதீர்கள். பல வண்டிகளில் அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதால் வரும் சத்தம் அது.

எந்த ரகமானாலும் இயல்பில்லாதவை: 'டி' (டிரைவ்) போட்டு ஓரிரு வினாடி சும்மா இருந்துவிட்டு இடித்துக்கொண்டு கிளம்புவது, ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) எகிறியும் வேகம் ஏறாமலே இருப்பது, ஒரே கியரில் மாட்டிக்கொள்வது, கருகல் வாடை, வண்டிக்கடியில் எண்ணெய்ச் சொட்டு. கடைசி மூன்றில் எது வந்தாலும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

படி 2: பேட்டரியைப் பாருங்கள்

பேட்டரி சார்ஜ் இறங்கினால் கியரை இயக்கும் கம்ப்யூட்டரும் தடுமாறும். இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயர்கூட கியர் உதறல் போலவே தெரியும். இரண்டையும் முதலிலேயே சோதித்துவிட்டால், அவற்றைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

படி 3: குறிப்பும் வீடியோவும்

முக்கியமான படி இதுதான். "ஜெர்க் அடிக்குது" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "காலையில் முதல் தடவை எடுக்கும்போது. இன்ஜின் குளிர்ந்த நிலை. ஆக்சிலரேட்டர் லேசான அழுத்தம். இரண்டிலிருந்து மூன்றாவது கியர், சுமார் 25 கி.மீ. வேகம். முள் 1,800-லிருந்து 2,600-க்கு எகிறி, பிறகு இடித்தது." குளிர்ந்திருக்கும்போதா, சூடானபின்பா என்ற ஒரே விவரம் மெக்கானிக்கின் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வீடியோவைப் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். ஆர்பிஎம் முள், வேகம், கியர் எண் மூன்றும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும்; பாட்டை அணைத்துவிடுங்கள்.

படி 4: ஸ்கேனர்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலருகே வண்டியின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைக்கும் 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் பழுதுக் குறியீடு பதிவாகியிருக்கலாம். பி0700 வந்தால் 'கியர் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது' என்பது மட்டுமே பொருள். முழு விவரம் அதற்குரிய ஸ்கேனரில்தான் தெரியும். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை. பி0741 லாக்-அப் கிளட்சைக் காட்டுகிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் பட்டனைத் தொடவே வேண்டாம். பழுது நேர்ந்த கணத்தின் அளவீடுகளும் சேர்ந்து போய்விடும்.

படி 5: சர்வீஸ் சென்டரில்

ஜாப் கார்டில் (உங்கள் புகாரை அவர்கள் பதியும் தாள்) அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லுங்கள், காரணத்தை அல்ல. "கிளட்ச் பிரச்சினை" என்று நீங்களே வாய்விட்டால், "கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்று முடித்துவிட வாய்ப்புண்டு. மெக்கானிக்கோடு நீங்களும் போய், பழுது வரும் அதே மாதிரியான சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் வரும் பழுதென்றால் வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவர்களையே எடுக்கச் சொல்லலாம்.

பல நேரம் சாஃப்ட்வேர் அப்டேட் செய்து தருவார்கள். பழுது நிஜமாகவே அதில் தீர்வதும் உண்டு. ஆனால் கியர்பாக்ஸ் முன்பு கற்றுவைத்திருந்த பதிவுகளை அழித்திருந்தால், கியர்பாக்ஸ் உங்கள் ஓட்டுமுறையை மறுபடி கற்றுக்கொள்ளும்வரை மாற்றங்கள் முன்பின்னாக இருக்கும், அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். "பழுது எதுவும் தெரியவில்லை" என்றாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி காலத்துக்குள் ஒரே புகார் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தால், தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதும்போது பேசப்போவது அந்தத் தாள்கள்தான்.

இடைப்பட்ட நாட்களில்

வெளியில் ஆயில் மாற்றுவது, பழைய எண்ணெயைக் கழுவி வெளியேற்றும் ஃப்ளஷ் செய்வது, எண்ணெயில் மருந்து ஊற்றுவது எதுவும் வேண்டாம். சிவிடிக்கு அதற்கென்றே தனி எண்ணெய். சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் உள்ளே சக்தியைக் கடத்தும் பெல்ட் வழுக்கும், வாரண்டிக்கும் ஆபத்து. டிசிடி வண்டியை மேட்டில் ஆக்சிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் நிறுத்துங்கள். நெரிசலில் முன்வண்டி கொஞ்சம் தள்ளிப்போன பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.